ஓயாத அபாய மணி

வினாத்தாள் உங்கள் கைக்கு வர இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. மேற்பார்வையாளர் முதல் வரிசையில் கொடுக்கத் தொடங்கிவிட்டார். நீங்கள் நான்காவது வரிசை. உள்ளங்கை ஈரமாகிப் பேனா வழுக்குகிறது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. வயிற்றுக்குள் ஏதோ புரள்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்வது பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்டுவிடுமோ என்று தோன்றுகிறது. "பயப்படாதே, தைரியமாக எழுது" என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் உங்கள் உடல் அந்த உபதேசத்தைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அது வேறொரு காரியத்தில் மும்முரமாக இருக்கிறது.

அது என்ன காரியம் தெரியுமா? ஓடுவதற்குத் தயாராகிறது! நீங்கள் பெஞ்சில் அமர்ந்து இருபடிச் சமன்பாட்டுக்குத் தீர்வு காணப் போகிறீர்கள். உங்கள் உடலோ, முட்ட வரும் மாட்டிடமிருந்து தப்பி வேலி தாண்டப் போவதாக நினைத்துக்கொண்டு எல்லா ஏற்பாடுகளையும் செய்கிறது.

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல் ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. அட்ரினல் சுரப்பி என்று உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒன்றின் எடை நாலைந்து கிராம்தான். ஆபத்து என்று மூளை முடிவு செய்தவுடன் நரம்புகள் வழியாக இந்தச் சுரப்பியின் உட்பகுதிக்குச் செய்தி பறக்கிறது. சில நொடிகளில் அட்ரினலின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சுக் குழல்கள் விரிகின்றன. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்து இரத்தத்தில் விடுகிறது. அந்த நேரத்தில் உமிழ்நீர் எதற்கு? செரிமானந்தான் எதற்கு? இரண்டும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. நாக்கு வறண்டதற்கும் வயிறு புரண்டதற்கும் காரணம் இதுதான்.

செரிமானம் நின்றுபோவதைக் கண்ணால் பார்த்தவர் அமெரிக்க விஞ்ஞானி வால்ட்டர் கானன். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார் அல்லவா? அதற்கு அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த கானன், பூனைகளுக்குக் கொடுக்கும் உணவில் பிஸ்மத் என்னும் உலோகத்தின் உப்பைக் கலந்து, இரைப்பை அசைவதை எக்ஸ் கதிர்த் திரையில் கவனித்துக் கொண்டிருந்தார். பூனை அமைதியாக இருந்தபோது இரைப்பை அலை அலையாகச் சுருங்கி விரிந்தது. பூனை சீறினாலோ மிரண்டாலோ அந்த அலைகள் சட்டென்று நின்றுபோயின. அவர் பார்க்க வந்தது செரிமானத்தை. கண்டதோ கோபத்தையும் பயத்தையும். 'எதிர்த்து நில், அல்லது ஓடு' என்னும் இந்த உடல் ஏற்பாட்டைப் பற்றி 1915-இல் அவர் ஒரு புத்தகமே எழுதினார்.

அட்ரினலின் முதல் அலை. அதன் பின்னால் நிதானமாக இரண்டாவது அலை ஒன்று வருகிறது. நம் கதைக்கு இதுதான் முக்கியம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்கு ஒரு வேதிச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி அட்ரினலின் புறணிப் பகுதிக்கு மற்றொரு செய்தி அனுப்புகிறது. புறணி கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. இது உச்சத்தை எட்ட இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். நெருக்கடி தொடர்ந்தால் அதற்கு வேண்டிய எரிபொருளை விடாமல் கொடுத்து வருவது கார்டிசாலின் வேலை.

இதை நிறுத்துவது யார்? கார்டிசாலேதான்! மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மிதவைப் பந்து உயர்ந்து குழாயை அடைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அதுபோல, இரத்தத்தில் கார்டிசால் போதிய அளவு சேர்ந்ததும் அது மூளைக்கே திரும்பிச் சென்று "போதும், நிறுத்து" என்று சொல்கிறது. மாடு போய்விட்டது, மணி ஓய்ந்தது, உடல் பழைய நிலைக்குத் திரும்பிற்று. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் மாடு போகவே இல்லை என்றால்?

வெள்ளம் வந்தால் ஊர்ப் பள்ளிக்கூடத்தை முகாமாக மாற்றுவார்கள். வகுப்பறையில் பாய் விரிப்பார்கள். சத்துணவுக் கூடத்தில் ஊருக்கே சோறு பொங்கும். மூன்று நாள் என்றால் இதைவிட நல்ல யோசனை வேறில்லை. முகாம் மூன்று மாதம் நீடித்தால் என்ன ஆகும்? பாடம் நடக்காது. உடைந்த ஓடு மாற்றப்படாது. கழிப்பறை அடைத்துக்கொள்ளும். யாரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் சீரழியும். நெருக்கடி நேரத்தில் உடல் செய்வதும் இதேதான். செரிமானம், வளர்ச்சி, பழுது பார்த்தல், நோயை எதிர்த்தல் ஆகிய அன்றாடப் பணிகளை அது தள்ளிப் போடுகிறது. சில மணி நேரம் தள்ளிப் போட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பல மாதம் என்றால்தான் வினை.

எலிகள் சொன்ன சேதி

இதை முதலில் கண்டவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து கனடா நாட்டு மான்ட்ரீல் நகரில் குடியேறியவர். புதிய ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடித்துவிடும் ஆசையில் எலிகளுக்கு ஓர் உறுப்பின் சாற்றை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டிருந்தார். எலிகளை அறுத்துப் பார்த்தபோது மூன்று மாற்றங்கள் தெரிந்தன. அட்ரினல் சுரப்பி பருத்திருந்தது. நோய் எதிர்ப்புக்குத் துணை நிற்கும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது. இரைப்பையில் புண்கள் இருந்தன. "ஹார்மோன் கிடைத்துவிட்டது!" என்று மகிழ்ந்தார். ஆனால் வேறு சாறுகளை ஏற்றினாலும் அதே மூன்று மாற்றங்கள். பிரேதங்களைப் பதப்படுத்தும் ஃபார்மலினை ஏற்றினாலும் அதே. எலிகளைக் கடுங்குளிரில் வைத்தாலும், ஓயாமல் ஓட வைத்தாலும் அதே! வேறொருவராக இருந்தால் மனமுடைந்து ஆராய்ச்சியைக் கைவிட்டிருப்பார். செல்யே வேறு விதமாகக் கேட்டார்: துன்பம் எதுவானாலும் உடல் ஒரே மாதிரி பதில் சொல்கிறதே, அது ஏன்? 1936 ஜூலையில் 'நேச்சர்' இதழில் ஒரு பக்கம்கூட நிரம்பாத கடிதமாக இதை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 29.

இந்த நிலைக்குப் பெயர் வேண்டியபோது அவர் எடுத்துக்கொண்டது 'ஸ்ட்ரெஸ்' என்னும் சொல். இது இயற்பியலில் பழைய சொல். கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் அதில் ஏற்படும் 'தகைவு' பற்றி மேல்வகுப்புப் புத்தகத்தில் வருகிறதே, அதேதான். உடலுக்கு வரும்போது நாம் மன அழுத்தம் என்கிறோம். அந்தச் சொல் அவ்வளவு பொருத்தம் இல்லை. அழுத்தம் மனத்தோடு நிற்பதில்லை என்பதைத்தான் எலிகள் காட்டின.

செல்யே சொன்ன எல்லாமே நிலைத்துவிடவில்லை. முதலில் எச்சரிக்கை, அடுத்து எதிர்ப்பு, கடைசியில் ஓய்ந்துபோதல் என்று மூன்று கட்டங்களை அவர் வகுத்தார். ஹார்மோன் தீர்ந்துபோவதால் கடைசிக் கட்டம் வருவதாகக் கருதினார். பெரும்பாலும் அப்படி இல்லை. தீயணைப்பு வண்டியில் தண்ணீர் தீர்ந்ததால் அல்ல, ஓயாமல் தண்ணீர் பாய்ச்சியதாலேயே வீடு நனைந்து இற்றுப் போகிறது என்பதே இப்போதைய கருத்து. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சிகரெட் கம்பெனிகள் அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்து வந்தன என்பது அக்கம்பெனிகளின் ஆவணங்கள் பிற்காலத்தில் வெளியானபோது தெரிந்தது. மாரடைப்புக்குப் புகை காரணமில்லை, மன அழுத்தமே காரணம் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்! விஞ்ஞானியின் முடிவைப் படிக்கும்போது அவருக்குப் படியளப்பவர் யார் என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

எலியைப் பற்றித்தானே பேசுகிறோம், மாணவர்களுக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். 1998-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். பல் மருத்துவ மாணவர்கள் 11 பேர் தாமாகவே முன்வந்தார்கள். கோடை விடுமுறையில் அவர்களுடைய மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஒரு சிறு காயம் செய்தார்கள். ஆறும் வரை நாள்தோறும் படம் எடுத்தார்கள். பிறகு அதே மாணவர்களுக்கு, பருவத்தின் முதல் பெரிய தேர்வுக்கு மூன்று நாள் முன்னதாக, மேலண்ணத்தின் மறுபுறத்தில் அதே அளவு காயம். தேர்வுக் காலக் காயம் ஆறுவதற்குச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாயிற்று. அதாவது 40 சதவீதம் அதிக காலம். விடுமுறையில் ஆறியது போல விரைவாகத் தேர்வின்போது ஒருவருக்குக்கூட ஆறவில்லை. அதே வாய், அதே வயது, அதே அளவு புண். மாறியது தேர்வு மட்டும்!

தேர்வு முடிந்த மறுநாள் காய்ச்சலில் படுப்பவர்கள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். "இத்தனை நாள் நன்றாக இருந்தானே, கண் பட்டுவிட்டது" என்று பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். சுற்றிப் போடட்டும், தவறில்லை. ஆனால் பல வாரங்களாக உடல் பழுது பார்க்கும் வேலையைத் தள்ளிப் போட்டு வந்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தெரிந்தது ஏன் மறந்தது?

"நேற்று இரவு மனப்பாடமாகச் சொன்னேன், அறையில் போய் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது" என்று அழும் மாணவனைப் பெரியவர்கள் நம்புவதில்லை. சரியாகப் படித்திருக்க மாட்டான் என்பார்கள். அவன் பொய் சொல்லவில்லை என்பதற்கு எலி ஒன்று சாட்சி சொல்லியிருக்கிறது. 1998-இல் வெளியான ஆராய்ச்சி இது. தண்ணீர்த் தொட்டிக்குள் நீரின் மட்டத்துக்குக் கீழே மறைந்திருக்கும் மேடை எங்கே என்று எலிகளுக்குப் பழக்கினார்கள். மறுநாள் சோதனைக்கு முன் காலில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அதிர்ச்சி கொடுத்து இரண்டே நிமிடத்தில் சோதித்தால் எலி மேடையைச் சரியாகத் தேடியது. நான்கு மணி நேரம் கழித்துச் சோதித்தாலும் தேடியது. அரை மணி நேரம் கழித்துச் சோதித்தபோதுதான் தடுமாறியது! அரை மணி நேரம் என்பது இரண்டாவது அலை உச்சத்துக்கு வரும் வேளை அல்லவா? 2000-இல் மனிதர்களுக்குக் கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோதும், முதல் நாள் படித்த சொற்களை நினைவுக்குக் கொண்டுவருவதில் அவர்கள் பின்தங்கினார்கள்.

நான்கு மணி நேரம் கழித்து எலிக்கு மேடை நினைவு வந்துவிட்டதைக் கவனியுங்கள். பாடம் அழியவில்லை. பெட்டி பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். தேர்வு அறையை விட்டு வெளியே வந்து டீக்கடை வாசலை அடையும்போது விடை பளிச்சென்று தோன்றி உங்களைக் கேலி செய்வது இதனால்தான்.

பல வாரம் நீடிக்கும் நெருக்கடி இன்னும் ஆழமாகப் பாய்கிறது. நியூயார்க் நகரில் ஒரு பெரிய தேர்வுக்காக நான்கு வாரம் விழுந்து விழுந்து படித்த 20 மருத்துவ மாணவர்களைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தைத் திருப்புவதில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி மற்றப் பகுதிகளோடு இணைந்து செயல்படுவதும் குறைந்திருந்தது. தேர்வு முடிந்து ஒரு மாதம் ஆன பிறகு அவர்களை மறுபடி சோதித்தார்கள். குறை முற்றிலும் நீங்கியிருந்தது! இளமூளை ஓய்வு கொடுத்தால் மீண்டுகொள்கிறது. ஆனால் ஒரு தேர்வு முடிந்த மறுநாளே அடுத்த வகுப்புக்கான சிறப்பு வகுப்பைத் தொடங்கிவிட்டால் அந்த ஒரு மாதத்துக்கு எங்கே போவது?

சக்கரம் யார் கையில்?

வேலை மிகுதிதான் மன அழுத்தத்துக்குக் காரணம் என்று பொதுவாக நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் என்பவர் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த சோதனையைப் பாருங்கள். இரண்டு எலிகளின் வால்களை ஒரே மின்சுற்றில் தொடராக இணைத்தார். ஆகையால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவு அதிர்ச்சி. முதல் எலியின் முன்னால் ஒரு சிறு சக்கரம் இருந்தது. அதைச் சுழற்றினால் அதிர்ச்சி நின்றுவிடும், இரண்டுக்குமே. இரண்டாவது எலியின் முன்னாலும் சக்கரம் உண்டு. ஆனால் அது எதனோடும் இணைக்கப்படாத வெறும் சக்கரம். இரண்டும் பட்ட வலி ஒன்றுதான். இரைப்பைப் புண்ணோ, சக்கரம் பயன்படாத எலிக்குத்தான் மிக அதிகம். (மனிதர்களின் இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியமே காரணம் என்று 1980-களில் ஆஸ்திரேலியாவின் மார்ஷலும் வாரனும் கண்டுபிடித்து 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதனால் வைஸின் எலிகள் பொய்யாகிவிடவில்லை. "கவலைப்பட்டால் அல்சர் வரும்" என்று அவசரமாகச் சொல்லக் கூடாது என்பதுதான் பாடம்.)

அவர் இன்னொன்றும் செய்தார். சில எலிகளுக்கு அதிர்ச்சிக்கு முன்னால் ஓர் ஒலியை எழுப்பினார். அந்த எலிகளுக்குப் புண் குறைவு. ஒலி அதிர்ச்சியைக் குறைக்கவில்லை. ஆனால் ஒலி இல்லாத நேரமெல்லாம் பத்திரமான நேரம் என்று எலிக்குத் தெரிந்துபோயிற்று. அப்போது அது நிம்மதியாக இருக்க முடிந்தது. திடீர்த் தேர்வு வைப்பதே ஒழுங்கை வளர்க்கும் என்று நம்புகிற ஆசிரியர்கள் இந்த ஒலியைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது ஆசிரியர்களின் பக்கம் வருவோம். அவர்களுடைய சக்கரம் எப்படி இருக்கிறது? ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு பிரிவுக்கு 40 மாணவர்கள். ஐந்து பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கிறார் ஒருவர். மாதத் தேர்வு நடந்தால் 200 விடைத்தாள்கள். ஒன்றைத் திருத்த எட்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 1,600 நிமிடம். ஏறக்குறைய 27 மணி நேரம். பள்ளி நேரத்தில் பாடம் நடத்த வேண்டும். ஆகவே இந்த 27 மணி நேரமும் இரவிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தும்தான் வர வேண்டும். இதற்கு மேல் பதிவேடுகள், தேர்தல் என்றால் வாக்குச் சாவடிப் பணி, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு என்றால் வீடு வீடாக ஏறி இறங்கும் பணி. பாடத்திட்டம் அவர் வகுத்ததல்ல. தேர்வு நாள் அவர் குறித்ததல்ல. வகுப்பில் எத்தனை பேர் என்பது அவர் கையில் இல்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் மட்டும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்!

பள்ளி ஆலோசகரின் நிலை என்ன? 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர்களின் சங்கம் பரிந்துரைக்கும் அளவு. ஒருவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால், எல்லோரையும் ஒரே ஒரு முறை பார்ப்பதற்கு 125 மணி நேரம். நாளைக்கு ஐந்து மணி நேரம் வீதம் 25 வேலை நாள். பரிந்துரையின் கதையே இப்படி. ஆலோசகர் என்று ஒருவரே இல்லாத நம் ஊர்ப் பள்ளிகளில் அந்தச் சுமையும் வகுப்பாசிரியரின் தோளில்தான் ஏறுகிறது. அழுதுகொண்டு வரும் பிள்ளையின் கதையைப் பொறுமையாகக் கேட்பதும் உழைப்புத்தான். மூட்டை தூக்குவதுபோல் அது வெளியே தெரிவதில்லை.

எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரி எரியத் தொடங்கும். ஒளி குறைந்து புகை மிகுந்து கடைசியில் கருகிவிடும். இப்படி ஆகிவிட்ட மனிதர்களைப் பற்றி 1974-இல் எழுதினார் நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். ஆங்கிலத்தில் 'பர்ன் அவுட்'. நாம் கருகல் என்று வைத்துக்கொள்வோம். ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் அவர் மாலை வேளைகளில் பணியாற்றினார். தொண்டு மனப்பான்மையோடு ஓடி வந்த இளைஞர்கள் ஓராண்டு போலக் கழிந்ததும் எரிச்சலும் சலிப்புமாக மாறிப்போவதைக் கண்டார். அவரும் அதற்குத் தப்பவில்லை. ஈடுபாடு இல்லாதவர்களுக்கு இது வரவில்லை. மிகுந்த ஈடுபாட்டோடு வந்தவர்களே கருகினார்கள். இது நினைவில் வைக்க வேண்டிய விஷயம்.

பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் 1981-இல் 22 கேள்விகள் அடங்கிய ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். கருகலுக்கு மூன்று முகங்கள் உண்டு என்று கண்டார்கள். முதலாவது, உள்ளம் வறண்டுபோகும் களைப்பு. தூங்கி எழுந்தாலும் அது போகாது. இரண்டாவது, எதிரே இருக்கும் மனிதரை மனிதராகப் பார்க்க முடியாமை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆசிரியர் 'கடைசி பெஞ்சு', 'அந்தக் கும்பல்' என்று சொல்லத் தொடங்குவார். மூன்றாவது, தான் செய்வது எதிலும் பயனில்லை என்னும் எண்ணம். ஆறாம் வகுப்பில் கதை சொல்லிக் கணக்குக் கற்றுத் தந்த ஒருவர், சில ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தால் எரிந்து விழுகிறார் என்றால், அவர் மாறிவிட்டார் என்று சட்டென்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இது ஆசிரியரோடு நின்றுவிடுகிறதா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நான்கு முதல் ஏழாம் வகுப்பு வரை படிக்கும் 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உமிழ்நீரைச் சேகரித்தார்கள். உமிழ்நீரிலும் கார்டிசால் உண்டு. ஊசி குத்தாமலே அளந்துவிடலாம். அவர்களுடைய 17 ஆசிரியர்களிடம் கருகல் பற்றிய கேள்விகளைக் கொடுத்தார்கள். 2016-இல் வெளியான முடிவு இது: அதிகமாகக் கருகியிருந்த ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகளின் காலைக் கார்டிசால் அதிகமாக இருந்தது. இதைப் படித்ததும் "ஆசிரியரின் அழுத்தம் மாணவனுக்குத் தொற்றுகிறது" என்று எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள்! ஏற்கெனவே சிரமத்தில் இருக்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு ஆசிரியரைக் கருக்கியிருக்கலாம் அல்லவா? இரண்டும் ஒன்றையொன்று வளர்த்திருக்கவும் கூடும். ஆராய்ச்சி செய்தவர்களே இதை ஒப்புக்கொள்கிறார்கள். எது முதலில் என்று தெரியாவிட்டாலும் ஒன்று உறுதி: வகுப்பறைக்குள் இருபுறமும் இருப்பவர்கள் தனித்தனிப் பாத்திரங்களில் இல்லை.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் கருகலுக்கு விளக்கம் எழுதியது. அது நோயல்ல, வேலையிடத்தில் நீடித்துக் கட்டுக்கடங்காமல் போன அழுத்தத்தின் விளைவு என்றது. வேலையிடத்துக்கு மட்டுமே அச்சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்லிற்று. பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்களோ பள்ளி மாணவர்களிடமும் அதே மூன்று முகங்களைக் கண்டு தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பெயர்ச் சண்டையை விட்டுவிடுவோம். காரணத்தை ஆளுக்குள் தேடாமல் இடத்தில் தேடு என்கிறது அந்த விளக்கம். அதுதான் எனக்குப் பிடித்த அம்சம். 200 விடைத்தாள்களைச் சுமப்பவரிடம் "மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிப் போய்விடுவது, முகாமில் அடைத்துக்கொண்ட கழிப்பறைக்கு ஊதுபத்தி ஏற்றுவது போலத்தான்.

உங்கள் சக்கரம்

உங்கள் முன்னால் இருப்பவற்றில் எது உண்மையான சக்கரம், எது வெறும் சக்கரம் என்று பிரித்துப் பாருங்கள். பிறர் எவ்வளவு மதிப்பெண் எடுப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகையால் ரேங்கும் உங்கள் கையில் இல்லை. தமிழகத்தில் பொதுத் தேர்வு முடிவு வரும் நாளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவித்துப் பூச்செண்டு கொடுக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்திற்று. நல்ல காரியம். வீட்டுத் திண்ணையில் அந்த வழக்கம் இன்னும் நின்றபாடில்லை! ஆனால் இன்று மாலை எந்த மூன்று கணக்குகளைப் போடுவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அதைச் சுழற்றினால் சுழலும்.

எப்படிப் படிப்பது என்பதும் உங்கள் கையில் உள்ளதே. 2016-இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவினர் சொற்களையும் படங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரு முறை பார்த்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். மறுநாள் சிலரை மேடையேற்றிப் பேச வைத்தும் கணக்குப் போட வைத்தும் படபடக்கச் செய்து, பிறகு சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் படபடப்பில் மறந்தார்கள். மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்களைப் படபடப்பு அசைக்கவில்லை! பூட்டிக்கொள்ளும் பெட்டியை முன்பே பல தடவை திறந்து பழகியிருந்தார்கள் போலும். அதற்கு ஒரு பழைய நோட்டும் பென்சிலும் போதும், காசு செலவில்லை.

தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது மட்டும் நஷ்ட வியாபாரம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் கூறுகிறார்கள். பகலில் படித்தது தூக்கத்தில்தான் மூளையில் நிலைபெறுகிறது. விதைத்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்ச மறுப்பவரை நல்ல விவசாயி என்போமா?

பல வாரம் தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டால், அல்லது உயிரோடு இருப்பதே வீண் என்ற எண்ணம் தலைகாட்டினால், அதைத் தேர்வு பயம் என்று ஒதுக்கக் கூடாது. நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உங்களுக்காக மட்டுமல்ல, நண்பனுக்காகவும் கேட்கலாம்.

உங்கள் விஞ்ஞானக் கழகத்துக்கு ஒரு வேலை தருகிறேன். ஆசிரியர்கள் நான்கைந்து பேரிடம் அனுமதி கேட்டு, ஒரு வார காலம் அவர்கள் வகுப்புக்கு வெளியே செய்யும் வேலைகளை நாள்வாரியாகக் குறித்துத் தரச் சொல்லுங்கள்: திருத்துவது எத்தனை மணி, பதிவேடு எத்தனை மணி, கூட்டம் எத்தனை மணி, தூக்கம் எத்தனை மணி. பெயர் வேண்டாம், ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்தால் போதும். உங்களில் ஐந்து பேர் தங்கள் கணக்கையும் அதேபோல் எழுதட்டும். தேர்வு இல்லாத வாரம் ஒன்றிலும் அரையாண்டுத் தேர்வை ஒட்டிய வாரம் ஒன்றிலும் எடுத்து, இரண்டையும் ஒரே வரைபடத்தாளில் நீலத்திலும் சிவப்பிலும் வரையுங்கள். எந்த வேலையைக் குறைக்கலாம், எதை வேறொரு வாரத்துக்கு மாற்றலாம் என்று அந்தத் தாளைப் பார்த்தே பேச முடியும். தலைமையாசிரியர் அறையில் காலாண்டுக் கால அட்டவணை தொங்குகிறதே, அதன் பக்கத்தில் மாட்ட அனுமதி கேட்டுப் பாருங்கள்.